பிள்ளைகளிடையே நீதி



நீதி என்றதும் நம் எண்ணம் நீதிமன்றத்தை நோக்கியே செல்கிறது. காஜியின் தீர்ப்பில் நீதி வேண்டும், வணிகரின் தராசில் நீதி வேண்டும் என்கிறோம். ஆனால், நாள்தோறும் பலமுறை தீர்ப்புக் கூறப்படும் மன்றம் ஒன்று நம் இல்லங்களிலேயே இருக்கிறது. அங்கே வழக்காடுவோர் இரு சிறு குழந்தைகள். வழக்குப் பொருள் ஒரு வாடாத் துண்டாக இருக்கலாம்; வாப்பாவின் மடியாக இருக்கலாம்; இந்நாளில் கைப்பேசியாகவும் இருக்கலாம். தீர்ப்பளிப்போர் பெற்றோர். அத்தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. ஆதலால், அங்கே நாம் மிகுந்த இறையச்சத்தோடு இருத்தல் வேண்டும்.

மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று வயது என்றுள்ள ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். ஓதும் பள்ளிக்கு எடுத்துச் செல்லும் புத்தகத்தைத் தங்கை கிழித்துவிடுகிறாள். அண்ணன் அவள் கையில் ஓர் அடி வைக்கிறான். அவள் வீறிட்டு அழுகிறாள். அடுப்படியிலிருந்து ஓடிவரும் உம்மாவின் காதில் விழுந்தது அழுகை ஒன்றே. கண்ணில் படுவது அடித்தவனின் கை ஒன்றே. “நீ பெரியவன்தானே, விட்டுக் கொடுக்கக் கூடாதா?” என்று அவனுக்கு ஒரு குட்டு விழுகிறது. கிழிந்த ஏட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வழக்கு முடிந்துவிட்டது, மூத்தவன் மனத்தில் மட்டும் அது முடியவில்லை.

இருவர் சொல்லையும் கேளுங்கள்

ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு நீதிபதியாக அனுப்பியபோது நாயகம் (ஸல்) அவர்கள் ஓர் அறிவுரை வழங்கினார்கள். இருவர் வழக்குடன் முன்னே அமர்ந்தால், முதலாமவர் சொல்லைக் கேட்டது போன்றே மற்றவர் சொல்லையும் கேட்கும் வரை தீர்ப்புக் கூறலாகாது என்பதே அது. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. யமன் நாட்டு நீதிபதிக்குச் சொல்லப்பட்ட இவ்விதி நம் வீட்டுக் கூடத்துக்கும் பொருந்தும். முதலில் அழுத பிள்ளையே அநீதி இழைக்கப்பட்ட பிள்ளை என்று கொள்வது, ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதேயாகும்.

நாயகம் சாட்சி நிற்க மறுத்தது

அன்சாரித் தோழர் பஷீர் (ரலி) அவர்கள், தம் மகன் நுஃமானுக்கு ஓர் அடிமையை அன்பளிப்பாக வழங்கினார். தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) அவர்களோ, இதற்கு நாயகம் (ஸல்) அவர்கள் சாட்சியாக வேண்டும் என்றார். தந்தை சென்று வேண்டியபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இதே போன்று கொடுத்தீரா என்று பெருமானார் வினவினார்கள். இல்லை என்றார் பஷீர். அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு பணித்துச் சாட்சி நிற்க மறுத்துவிட்டார்கள். பஷீரும் அன்பளிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

மற்றோர் அறிவிப்பில் ஒரு வினாவும் இடம்பெறுகிறது. பிள்ளைகள் அனைவரும் உமக்கு ஒரே அளவில் நன்மை செய்ய வேண்டும் என்று நீர் விரும்பவில்லையா என்று பெருமானார் கேட்டார்கள். முதுமையில் எல்லாப் பிள்ளைகளிடமும் சமமான அன்பை எதிர்பார்க்கும் நாம், இளமையில் அந்த அன்பைச் சமமாக விதைத்தோமா?

இதில் இன்னொரு நயம் உண்டு. இச்செய்தியை உலகுக்கு அறிவித்தவர் அந்த அன்பளிப்பை இழந்த நுஃமான் (ரலி) அவர்களே. பெரியவரான பின் மிம்பரில் நின்று அதனை அவர்கள் எடுத்துரைத்ததாக ஸஹீஹுல் புகாரி கூறுகிறது. தமக்குக் கிடைக்காமற்போன பொருளைக் குறித்து வருந்தாமல், தம் உடன்பிறந்தாருக்குக் கிடைத்த நீதியை அவர்கள் போற்றினார்கள்.

மூன்று பேரீச்சம்பழங்கள்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஓர் ஏழைத் தாய் தன் இரு பெண் மக்களோடு வந்தாள். அன்னையார் அவளுக்கு மூன்று பேரீச்சம்பழங்கள் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று தந்துவிட்டு, மூன்றாவதைத் தான் உண்ண வாயருகே கொண்டு சென்றாள். குழந்தைகள் அதையும் கேட்டனர். அவள் அதனை இரு கூறாக்கி இருவருக்கும் கொடுத்துவிட்டாள். வியப்புற்ற அன்னையார் இதைக் கூறியபோது, அச்செயலின் காரணமாக இறைவன் அவளுக்குச் சுவர்க்கத்தை உறுதியாக்கினான் என்ற நற்செய்தியைப் பெருமானார் அறிவித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அத்தாயின் தியாகத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவளது நீதியையும் எண்ணிப் பாருங்கள். பசியோடிருந்த நிலையிலும், மூத்தவளை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இளையவளை அதட்டவும் இல்லை. சரிபாதியாகப் பிளந்தாள். வறுமை நீதிக்குத் தடையன்று என்பதற்கு அந்தப் பழமே சான்று.

பாட்டனாரான பெருமானாரின் நடைமுறையும் அதுவே. ஹிஜ்ரி 3-இல் பிறந்த ஹசன் (ரலி), 4-இல் பிறந்த ஹுசைன் (ரலி) இருவரும் சிவப்புச் சட்டை அணிந்து, தத்தித் தடுமாறியபடி பள்ளிவாசலுக்குள் வந்தபோது, பெருமானார் குத்பாவை நிறுத்தி மிம்பரிலிருந்து இறங்கினார்கள். இருவரையுமே தூக்கி வந்து தம் முன்னே அமர்த்திக்கொண்டார்கள்.

சமம் என்பது யாது?

ஆறு வயதுப் பிள்ளைக்கும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவுச் சட்டை தைக்க முடியாது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு அன்றிரவு உம்மாவின் மடி கூடுதலாகவே வேண்டும். தேவைக்கேற்பக் கொடுப்பது அநீதியன்று. ஆனால் பெருநாள் காசு, வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மை, மடியில் ஏற்றி முத்தமிடுதல் ஆகியவற்றில் வேறுபாடு காட்டலாகாது. ஆணென்று ஒருவனை உயர்த்தி, பெண்ணென்று ஒருத்தியைத் தள்ளி வைப்பதும் கூடாது. வாழ்நாளில் வழங்கும் அன்பளிப்புகளில் சமம் பேணுவது விரும்பத்தக்கது என்றும், தக்க காரணமின்றி ஒருவருக்கு மட்டும் கொடுப்பது மக்ரூஹ் என்றும் ஹனஃபீ, ஷாஃபிஈ மத்ஹபுகளின் அறிஞர்கள் கூறுவர். ஹன்பலீ மத்ஹபிலோ சமம் பேணுவது வாஜிபாகும்.

உள்ளத்தின் சாய்வு நம் கையில் இல்லை; கையின் சாய்வு நம் பொறுப்பு. யூஸுஃப் (அலை) அவர்களின் சகோதரர்களைப் பாழ்ங்கிணறு வரை கொண்டு சென்றது, தந்தை தங்களைவிட அவரையும் அவர் தம்பியையும் அதிகம் நேசிக்கிறார் என்ற எண்ணமே என்று திருமறையின் 12-ஆம் அத்தியாயம் உரைக்கிறது. நபி யஃகூப் (அலை) அவர்கள் மீது குறையில்லை. கனவைச் சகோதரர்களிடம் கூற வேண்டாம் என்று மகனை முன்கூட்டியே எச்சரித்தவர்கள் அவர்கள். நபியின் இல்லத்திலேயே பொறாமை புக முடியுமெனில், நம் இல்லத்தில் நாம் எத்துணை விழிப்போடு இருக்க வேண்டும்!

சொத்துப் பிரிவினையில் முகம் திருப்பிக்கொள்ளும் அண்ணன் தம்பிகளைப் பார்க்கிறோம். பாகப்பத்திரத்தில் தொடங்கிய பகை என்று நினைக்கிறோம். அது வாடாத் துண்டிலும் கிழிந்த ஏட்டிலும் தொடங்கியதாக இருக்கலாம்.

ஆகவே பெற்றோரே, இன்றிரவு இருவரும் சண்டையிட்டு வந்து நின்றால், ஒரு நொடி பொறுங்கள். இருவரையும் அருகழைத்து இருவர் சொல்லையும் கேளுங்கள். விட்டுக்கொடுக்கும்படி மூத்தவனிடம் கூறினால், விட்டுக்கொடுத்தமைக்காக அவனைத் தங்கை முன்னிலையிலேயே பாராட்டுங்கள். அடுத்த முறை விட்டுக்கொடுக்க அவளுக்கும் கற்பியுங்கள்.

நம் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் கண்குளிர்ச்சியாக ஆக்கி, அவர்களிடையே நீதி செலுத்தும் பெற்றோராக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.