விதைக்கு விடும் கிளை

விதை எடுப்பது என்றாலே ஒரு பருவத்தில் பூத்து முடியும் செடிகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. செண்டுமல்லி காய்ந்தால் அதன் தலையைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்து வைக்கிறோம். நித்தியகல்யாணி, சங்குப்பூ, கனகாம்பரம், அந்திமந்தாரை போல ஆண்டுக்கணக்கில் நிற்கும் செடிகளிடம் அப்படி நடந்துகொள்வதில்லை. செடிதான் இருக்கிறதே, வேண்டுமானால் ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போயிற்று என்று விட்டுவிடுகிறோம். ஆனால் விதை அதிகம் தேவைப்படுவது இந்தச் செடிகளுக்குத்தான். குச்சியில் துளிர்ப்பது புதுச் செடி அல்ல, பழைய செடியின் நீட்சி. அதன் நிறமும் மணமும் அப்படியே வருவதுபோல நோயும் கூடவே வரும். நித்தியகல்யாணியில் சிற்றிலை நோய் வந்தால் இலைகள் சுருங்கிக் கொத்தாகும், பூவிதழ்களே பச்சையாகிவிடும். தத்துப்பூச்சிகள் பரப்பும் பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரி செடியின் சாற்றுக்குழாய்களில் குடியேறுவதால் வருவது இது. அறிகுறி தெரியுமுன்பே அந்தச் செடியில் குச்சி எடுத்தால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். விதை வழியாக இது பொதுவாகப் பரவுவதில்லை.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. ஒரே செடியின் குச்சிகளைப் பத்துத் தொட்டிகளில் நட்டால், வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும்போது பத்தும் ஒன்றுபோலவே அழுகக்கூடும். விதையில் முளைத்த பத்து நாற்றுகளோ அநேகமாகப் பத்து விதமாக இருக்கும். சில சாய்ந்தாலும் ஒன்றிரண்டு நிமிர்ந்து நிற்கும். அவற்றிலிருந்து அடுத்த விதையை எடுத்தால், நம் மாடியின் வெயிலையும் நம் ஊர்த் தண்ணீரையும் தாங்கும் செடிகளின் பக்கம் மெல்ல நகர்கிறோம். சில ஆண்டுகளில் புது ரகம் பிறந்துவிடாது. ஆனால் எங்கோ வளர்க்கப்பட்டு நர்சரிக்கு வந்த செடியில் இந்தத் தேர்வு நடந்திருக்க வாய்ப்பில்லை. இங்கே பலரும் செய்கிற ஒன்று எனக்கு வருத்தம் தருகிறது. முதலில் மலரும் பெரிய பூக்களைச் சாமிக்கும் தலைக்கும் பறித்துவிட்டு, கடைசியில் மிஞ்சிய சோனிப் பூக்களைக் காய்க்க விடுகிறார்கள். நல்ல செடியில் நல்ல கிளை ஒன்றை முன்கூட்டியே நூல் கட்டி ஒதுக்க வேண்டும். காய் பிடித்தால் பூ குறையும் என்று சொல்வார்கள். அது உண்மைதான். அதனால்தான் ஒரு கிளை போதும் என்கிறேன். மற்றவற்றில் வாடிய பூவைக் கிள்ளிவிடலாம்.

எடுக்கும் பக்குவம் செடிக்குச் செடி வேறு. நித்தியகல்யாணியில் ஒவ்வொரு பூவுக்கும் மெல்லிய காய்கள் இரண்டு ஒட்டினாற்போல நிற்கும். பச்சை மாறி மஞ்சள் ஏறுகிற நாளில் பறிக்க வேண்டும். தவறவிட்டால் காய் ஒரு பக்கம் பிளந்து கருவிதைகள் மண்ணில் சிதறிவிடும். இது இருட்டில் முளைக்கும் விதை என்பதால் மேலே மண் மூட வேண்டும். சங்குப்பூவின் நெற்று காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடிக்கும். அதன் விதைத்தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து இரவு முழுக்க ஊறவைத்தால், காலையில் பருத்திருக்கும் விதைகள் முளைக்கத் தயாரானவை. கனகாம்பரத்துக்கு ஈரம்தான் சாவி. காய்ந்த கதிரில் மழையோ பனியோ பட்டால் காய்கள் படபடவென்று தெறித்து விதைகளைத் தூர எறிந்துவிடும். கதிர் பழுப்பானதும் நறுக்கி, மூடியுள்ள பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்து மூடினால், உள்ளேயே வெடித்து விதை சேரும். ஒரு காயில் அதிகபட்சம் நான்கு விதைகள்தான்.

விதையில் நிறம் மாறிவிடும் என்பது வலுவான ஆட்சேபம். அந்திமந்தாரை அதற்கு நல்ல சாட்சி. மெண்டலின் விதிகளை 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஜெர்மானியத் தாவரவியலாளர் கார்ல் கோரென்ஸ் ஆராய்ந்த செடி இது. சிவப்பையும் வெள்ளையையும் இணைத்தால் இளஞ்சிவப்பு வருகிறது. அந்த இளஞ்சிவப்பின் விதைகளிலோ சிவப்பும் இளஞ்சிவப்பும் வெள்ளையும் 1:2:1 என்ற விகிதத்தில் பிரிகின்றன. ஆக, மாற்றத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. நிறம் மாறக் கூடாது என்பவர்கள், சாயங்காலம் மலருமுன் மொட்டை மெல்லிய துணிப்பையால் மூடினால் அந்துப்பூச்சி அண்டாது. பூ வாடும்போது தன் மகரந்தத்தாலேயே சூல் பிடித்துக்கொள்ளும். வெள்ளைத் திட்டுகள் கொண்ட இலையுள்ள அந்திமந்தாரையைப் பற்றி 1909இல் கோரென்ஸ் கண்டது இன்னும் சுவையானது: நாற்றின் இலை நிறத்தைத் தீர்மானிப்பது காய் பிடித்த கிளை பச்சையா, வெள்ளையா, கலப்பா என்பதுதான். மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் அது மாறவில்லை. மிளகு போன்ற அந்த விதை நஞ்சு என்பதையும் சொல்லியாக வேண்டும். நித்தியகல்யாணியும் மருந்துச்செடி என்பதற்காக வாயில் வைக்கக்கூடியது அல்ல. இரண்டின் விதைகளும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

எடுத்த விதையைக் கெடுப்பது பெரும்பாலும் நம் காற்றின் ஈரம். விதைக்குள் இருக்கும் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது விதையியலில் ஹாரிங்டன் பெயரால் வழங்கும் தோராய விதி. ஆகவே கடற்கரை ஊர்களில் காகிதப் பொட்டலம் மட்டும் போதாது. நிழலில் நன்றாக உலர்த்தி, பெயரும் மாதமும் எழுதி, இறுக மூடும் கண்ணாடிச் சீசாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.

எல்லாச் செடிக்கும் இது பொருந்தாது. மல்லிகைக்குப் பதியமும் குச்சியும்தான் வழி. ரோஜாவில் நாம் விரும்பும் பூ ஒட்டுக் கட்டினாலோ குச்சி நட்டாலோதான் மாறாமல் வரும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு நித்தியகல்யாணியின் விதை, தாயைப் போலவே பூக்கும் என்று நம்ப முடியாது. அடர்ந்த ஆரஞ்சு நிறத்துக்குப் பெயர்போன டெல்லி கனகாம்பரம் மும்மடியக் குரோமோசோம் கொண்டது. விதையே பிடிக்காது, குச்சியில்தான் பெருகும். நூற்புழுவும் வாடல் நோயும் கனகாம்பரத்தை விடாமல் துரத்துபவை. குச்சியில் வந்த செடிகள் ஒரே உடல் என்பதால் ஒன்று தாங்காததை மற்றொன்றும் தாங்காது. டெல்லி வகையை விரும்பி வளர்ப்பவர்கள் அதன் பக்கத்திலேயே விதை கொடுக்கும் நாட்டுக் கனகாம்பரத்துக்கும் ஒரு தொட்டி ஒதுக்கட்டும்.