வள மையத்துக்கும் நலத்துறைக்கும் நடுவில் நம் பள்ளிகள்

வட்டார வள மையம் என்ற பெயர்ப் பலகையை ஒன்றியத் தலைநகரங்களில் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். சேரியில் இருக்கும் பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த மையங்களில் ஒரு மேற்பார்வையாளரும் ஆசிரியர் பயிற்றுநர்களும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி தருவது, வகுப்பறைக்கே போய்ப் பார்ப்பது, இடைநின்ற பிள்ளையைத் தேடிப் பிடித்து மீண்டும் சேர்ப்பது, நடக்க முடியாத பிள்ளைக்கு உபகரணம் வாங்கித் தருவது எல்லாம் இவர்கள் வேலை. பள்ளிக்குத் தோள்கொடுக்கவென்றே உண்டாக்கப்பட்ட அமைப்பு இது.

அந்தத் தோள் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குக் கிடைக்கும்போது பாதி பலத்தோடுதான் கிடைக்கிறது.

காரணம் பழையது. ஊர்ப் பள்ளிகளில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த காலத்தில், சென்னை மாகாண அரசு 1920-களில் தொழிலாளர் துறையின் வழியாகத் தனிப் பள்ளிகளைத் திறந்தது. ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்று பெரியவர்கள் சொன்னது அதைத்தான். அவையே பின்னர் அரிஜன நலப் பள்ளிகளாகி, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக நிற்கின்றன. பாடநூலும் தேர்வும் பள்ளிக் கல்வித் துறையுடையவை. ஆசிரியர் நியமனமும் கட்டடமும் நலத்துறையின் கையில். மாவட்ட நல அலுவலருக்கும் தனி வட்டாட்சியருக்கும் வீட்டுமனைப் பட்டா, விடுதி, உதவித்தொகை என்று நூறு வேலை. பள்ளி அதில் நூற்றியோராவது.

ஐந்து வகுப்புக்கு ஒரே ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். ‘எண்ணும் எழுத்தும்’ எப்படி நடக்கிறது என்று பார்க்க வரும் பயிற்றுநர் அந்தக் குறையை நேரில் காண்கிறார், குறித்தும் கொள்கிறார். அவர் எழுதும் அறிக்கை அவருடைய துறையின் படியேறிப் போகும். காலிப் பணியிடத்தை நிரப்ப வேண்டிய துறை வேறு. ஆசிரியர் பயிற்சிக்குப் போன நாளில் அந்தப் பள்ளியின் கதி என்ன என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்கு அரசு சொன்ன மருந்து இணைப்பு. 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையில், பல துறைகளின் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் என்று அறிவித்தார்கள். நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024-இல் ஒரே துறையின் கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. தலித் இயக்கங்கள் பல இதை எதிர்த்தன. எதிர்ப்பில் நியாயம் உண்டு. சேரிக்கென்று ஒதுக்கிய நிலம், நமக்கென்று வரும் நிதி எல்லாம் பொதுக் கணக்கில் கரைந்துபோகாது என்பதற்கு யார் பொறுப்பு? ஆனால் இணைப்பு வேண்டாம் என்பதோடு நாம் நின்றுவிட்டால், பழைய புறக்கணிப்புக்கு நாமே கையெழுத்துப் போட்டதாகிவிடும். பலகை மாறினாலும் மாறாவிட்டாலும், பயிற்றுநரின் அறிக்கை நல அலுவலரின் மேசைக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, இரு துறைச் செயலர்கள் கையெழுத்திட்ட ஒரு சுற்றறிக்கை போதும்.

வள மையங்களும் இப்போது தெம்பாக இல்லை. பி.எம். ஸ்ரீ திட்டத்தில் தமிழகம் கையெழுத்திடவில்லை என்று 2024-25-க்கான ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியம் இந்தத் திட்ட நிதியை நம்பியது. பணம் நின்றால், தனிப்பயிற்சிக்கு வசதியில்லாத வீட்டுப் பிள்ளைதான் முதலில் அடிபடும்.

பெற்றோர் கையில் ஒரு கருவி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். சேரிப் பள்ளிகளில் கூட்டம் நடந்ததாகக் கையெழுத்து வாங்கிப்போவது வழக்கமாகிவிட்டது. அடுத்த கூட்டத்தில் ஆசிரியர் எண்ணிக்கை, கழிப்பறை, இடைநின்ற பிள்ளைகளின் பெயர் என்று தீர்மானமாக எழுதுங்கள். அதில் மூன்று படி எடுத்து ஒன்றை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும், ஒன்றை வட்டார வள மைய மேற்பார்வையாளருக்கும் கொடுங்கள். மூன்றாவது படியில் இரண்டு அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.