இரசாயனமும் யாழும்

கல்முனைக் கரையோர ஊர்களில் விஞ்ஞானம் பயிலும் மாணவன் ஒருவன் கவிதையையும் வரலாற்றையும் விரும்பிப் படிப்பானாயின், "இரண்டு தோணியிற் கால் வையாதே" என்று பெரியோர் எச்சரிப்பது வழக்கம். மொறட்டுவையிலோ பேராதனையிலோ இரசாயனப் பொறியியல் பயில இடங்கிடைத்த பின்னர் அவ்வெச்சரிக்கை இன்னும் வலுக்கும். அக்கறையினாற் பிறந்த அச்சொல்லை இகழ்தல் தகாது. ஆயினும், அது முழு உண்மைதானா என ஆராய்தல் வேண்டும்.

இரசாயனப் பொறியியல் என்பது யாது? ஆய்வுகூடத்திற் குவளையில் நிகழ்வதைத் தொழிற்சாலையிற் பல தொன் அளவில் நிகழ்த்தும் கலை அது. இது வெறும் பெருக்கற் கணக்கன்று. கலமொன்றின் நீள அகல உயரங்களைப் பத்து மடங்காக்கினால் கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். வெப்பம் வெளியேறும் மேற்பரப்போ நூறு மடங்கே ஆகும். குவளையில் அடங்கியிருந்த தாக்கம் பெருங்கலத்திற் பொங்கியெழுவது இதனாலேயே.

தொழில்கள் பலவாயினும் அவற்றின் அடிப்படைச் செயல்கள் சிலவே என 1915இல் ஆதர் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். ஆவியாக்கல், காய்ச்சி வடித்தல், வடிகட்டல், உலர்த்தல் என்பன அவற்றுட் சில. ஹிங்குராணை ஆலையிற் கரும்புச்சாறு வற்றுவதும் உப்பளத்திற் கடல்நீர் வற்றுவதும் ஒரே விதிக்கு உட்பட்டவை. மருதமுனை நெசவாளரின் நூலிற் சாயம் ஏறுவதும், வாழைச்சேனை ஆலையில் வைக்கோல் காகிதக் கூழானதும் இத்துறையின் பாடங்களே. ஆகவே, பலவற்றையும் நோக்கும் கண் இத்தொழிலுக்குப் பகையன்று, துணையேயாம்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்த காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிற் கற்றவர். கொழும்பு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் அவருக்கு 1916ஆம் ஆண்டிலேயே கிட்டின. அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். அவரே பின்னாளில் விபுலானந்த அடிகள் ஆனார். 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணித முறையால் ஆராய்ந்த அந்நூலை, விஞ்ஞானம் கற்ற தமிழறிஞர் ஒருவரே எழுதியிருத்தல் கூடும்.

ஆனால், அவர் எதனையும் அரைகுறையாக விட்டவரல்லர் என்பதை மறத்தலாகாது. பல துறை ஆர்வம் என்பது ஒன்றிலும் ஆழாமைக்குக் காட்டும் சாக்காகிவிடக் கூடாது. தொழிலில் இறங்கும் இளைஞன் முதற்சில ஆண்டுகளைத் தன் ஆலைக்கும் கருவிக்கும் உரியனவாக்கட்டும். மற்றைய ஆர்வத்தை நாள்தோறும் ஒரு சிறு பொழுதேனும் பேணட்டும். பின்னர், இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தேடட்டும்.

அவ்விடம் மிக அண்மையிலேயே இருக்கலாம். செறிந்த கந்தக அமிலத்தில் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். நீரில் அமிலத்தையே சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். இதனைத் தொழிலாளி ஒருவர் ஒருமுறை படித்தவுடனே விளங்கிக்கொள்ளுமாறு தெளிந்த தமிழில் எழுதி ஆலைச் சுவரில் ஒட்டுவதற்கு, இரசாயனமும் தெரிந்திருக்க வேண்டும்; தமிழும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருடைய கண்ணைக் காக்கும் அவ்விரண்டு வரிகளை எழுத வல்லவனிடம், தமிழைக் கைவிடு என்று நாம் சொல்லலாமா?