ஒளிக்குக் காத்திருக்கும் குருத்து

மன்னார்த் தீவில் பனம்பாத்தி கிண்டிக் கிழங்கெடுப்பவர்களுக்குத் தெரியும்: மணலுக்குள் இருக்கும்வரை குருத்தில் பச்சை இல்லை. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயல்களுக்காக ஊறவைத்துச் சாக்கில் கட்டிய விதைநெல்லும் வெள்ளையாகத்தான் முளைவிடும். வெளிச்சம் பட்ட பிறகே பச்சை ஏறும்.

பச்சையம் பல படிகளில் உருவாகிறது. நடுவழியில் ஒரு வளைய மூலக்கூறு பிறக்கும். அதன் நடுவே இரும்பு அமர்ந்தால் ஹீம். மகனீசியம் அமர்ந்தால் பச்சையத்துக்கான பாதை. பூக்கும் தாவரங்களில் இந்தப் பாதை இருட்டில் புரோட்டோகுளோரோபிலைட்டு என்ற முன்னோடியோடு நின்றுவிடும். அடுத்த படிக்குரிய நொதியம் ஒளியில் மட்டுமே வேலை செய்யும்.

இந்த முன்னோடி அளவுக்கு மீறித் திரண்டால் நாற்றுக்கு ஆபத்து. வெயில் பட்டதும் அது ஒட்சிசனை நச்சு வடிவுக்கு மாற்றி, கலத்தைப் பொசுக்கிவிடும். அதனால் பிஃப்1 போன்ற புரதங்கள் இருட்டில் அதன் உற்பத்தியை அடக்கிவைக்கின்றன. பிஃப்1 இல்லாத நாற்றுகள் முன்னோடியை மிகையாகச் சேர்த்து, ஒளிக்கு வந்ததும் வெளுத்துப்போவதை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பச்சையம் உருவாவது பச்சையவுருமணியில். அதைத் தாங்கும் பல புரதங்களுக்கான பரம்பரையலகுகளோ கலத்தின் கருவில். இங்கு வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று அங்கு தெரிந்தாக வேண்டும்.

அந்தச் செய்தியைத் தேடியவர்களில் முதன்மையானவர் கலிபோர்னியாவின் சோல்க் நிறுவனத்தில் பணியாற்றிய ஜோஆன் கோரி. பச்சையவுருமணி சிதைந்தால் கரு அந்தப் பரம்பரையலகுகளை நிறுத்திவிடும். அப்படி நிறுத்தத் தவறும் 'கன்' வகை நாற்றுகளை அவரது குழு 1993இல் அறிவித்தது. கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடொப்சிஸில் இவ்வாறு கண்டறிந்த ஐந்து பரம்பரையலகுகளில் நான்கு, பச்சையமும் ஹீமும் பிறக்கும் அதே பாதையோடு தொடர்புடையவை.

மகனீசியம் ஏற்ற அந்த வளைய மூலக்கூறே தூது என்று 2003இல் அக்குழு முன்மொழிந்தது. 2008இல் இரு வேறு குழுக்கள் அளந்து பார்த்தபோது, அந்த மூலக்கூறின் அளவுக்கும் பரம்பரையலகுகளின் இயக்கத்துக்கும் பொருத்தம் தெரியவில்லை. 2011இல் கோரியின் குழுவே ஹீமைச் சுட்டியது: பச்சையவுருமணியில் ஒரு குறிப்பிட்ட நொதியம் ஆக்கும் ஹீம், கருவைத் தொடர்ந்து இயங்கத் தூண்டுகிறது. சான்று மாறியபோது கருத்தையும் மாற்றிக்கொண்ட இந்த நேர்மை நம் மாணவர்கள் அறிய வேண்டிய பாடம்.

பள்ளி ஆய்வுகூடத்திலேயே இந்தத் தேடலைத் தொடங்கலாம். இரண்டு சிரட்டைகளில் பயறு போடுங்கள். ஒன்றை இருட்டில் மூடிவையுங்கள். முளைத்ததும் வெளிச்சத்துக்கு எடுத்து, எத்தனை மணித்தியாலத்தில் பச்சை ஏறுகிறது என்று குறித்துவையுங்கள். ஏன் என்ற கேள்வி அங்கிருந்து தானாகப் பிறக்கும்.