டாக்டர் லீவா, இடமே காலியா?

காட்டுமன்னார்கோவில் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, ஓபி சீட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்தவரிடம் பதினொரு மணிக்கு, "எலும்பு டாக்டர் இன்னைக்கு இல்லப்பா" என்கிறார்கள். அன்றைய கூலி போச்சு. அவர் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: டாக்டர் லீவா, இடமே காலியா?

கட்டடம் நமக்குக் குறைவில்லை. கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் காமராஜர் அரசு மருத்துவமனை. அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மாணவர்கள் ஐம்பது நாளுக்கு மேல் போராடிய பிறகு 2021-ல் சுகாதாரத் துறைக்கு வந்து அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆனது (இருப்பது என்னவோ சிதம்பரத்தில்தான்). எம்.பி.பி.எஸ். கட்டணம் லட்சங்களிலிருந்து 13,610 ரூபாய்க்கு இறங்கியது. படிப்பது எளிதாயிற்று. படித்தவரை அரசுப் பணியில் நிறுத்தி வைப்பது வேறு வேலை.

மத்திய அரசு மருத்துவருக்கு 4, 9, 13, 20-ஆம் ஆண்டுகளில் காலமுறைப் பதவி உயர்வு உண்டு. தமிழகத்தில் 2009-ன் அரசாணை 354-படி ஊதிய உயர்வுக்கான ஆண்டுகள் 8, 15, 17, 20. அங்கே 13-ஆம் ஆண்டில் எட்டும் ஊதிய அடுக்கை இங்கே எட்ட 20 ஆண்டு. இதைத் திருத்தக் கேட்டுத்தான் 2019 அக்டோபர் 25-ல் அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிடைத்தது இடமாற்றம். அந்த உத்தரவுகளை 2020 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசாணைச் சிக்கல் அதோடு தீரவில்லை.

கிராமத்துக்கு இளம் டாக்டரை இழுப்பது சம்பளத்தைவிட மேற்படிப்பு என்பேன். பணியில் இருப்போருக்குத் தனி ஒதுக்கீடு வைக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாசலைக் குறுக்கினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யார் வருவார்?

நோயாளிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, ஒவ்வொன்றும் எந்தத் தேதியிலிருந்து காலி, மாற்றுப்பணியில் வெளியே போனவர் எத்தனை பேர்? நான்கே கேள்வி. தலைமை மருத்துவமனைக்கும் வட்ட மருத்துவமனைக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், கல்லூரி மருத்துவமனைக்கு டீன் அலுவலகம். முகவரி மாறினால் மனு சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

இருக்கிற ஒரே டாக்டரிடம் கத்தாதீர்கள். இரண்டு பேர் வேலையை அவர் ஒருவரே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்மேல் கை வைத்தால், தமிழகத்தின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 முதல் 10 ஆண்டு வரை சிறை.

மனு எழுதும்போது 'எந்தத் தேதியிலிருந்து காலி' என்ற கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.