செல் மாற்றியதும் பேச்சை நிறுத்தும் மழைமானி

அவிநாசி வட்டாரத்தில் மழை காடு பார்த்துத்தான் பெய்யும். சேவூர்ப் பக்கம் வாய்க்கால் நிறையக் கொட்டிய மாலையில் தெக்கலூரில் புழுதிகூட அடங்காமல் போவது உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி இது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவம் மழையைவிடக் காற்றைத்தான் தாராளமாக அனுப்புகிறது. மானாவாரிக்காரர்கள் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையை.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டின் 385 வட்டாரங்களில் தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்திருக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனாலும் வட்டாரத்துக்கு ஒரு நிலையம், பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்குள் இருக்கும் வேறுபாட்டைச் சொல்லிவிட முடியாது. தோட்டத்துச் சாளையிலும் மொட்டை மாடியிலும் சிலர் வைத்திருக்கும் சிறிய வானிலை நிலையங்களுக்கு மதிப்பு வருவது இங்கேதான். அவற்றில் ஒன்று பத்து நாள் படுத்துவிட்டால், அந்தக் காட்டின் பத்து நாள் கணக்கு திரும்பக் கிடைக்காது. பெரும்பாலும் அது படுப்பது, செல் மாற்றிய அன்றைக்கு.

கருவியில் இரண்டு பாகங்கள். வெளியே கம்பத்தில் நிற்கும் உணரி வெப்பம், ஈரப்பதம், காற்று, மழை ஆகியவற்றை அளந்து ரேடியோ அலையில் அனுப்புகிறது. வீட்டுக்குள் இருக்கும் திரை அதை வாங்கிக் காட்டுகிறது. மழையை அளப்பது ஏற்றப்பலகை போல ஆடும் இரட்டைக் கிண்ணம். ஒரு கிண்ணம் நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்டும், மற்றொன்று மேலே வரும். சாயும்போது அதிலுள்ள காந்தம் ஒரு சுவிட்சைத் தொடாமலே இயக்கும். பல கருவிகளில் ஒரு சாய்வு 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் மழை. உணரி ஓயாமல் பேசுவதில்லை. பல மாடல்கள் 16 விநாடிக்கு ஒருமுறை, சில ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை தகவலை வீசிவிட்டு உறங்கிவிடும். இரண்டு பென்சில் செல்கள் மாதக்கணக்கில் தாங்குவது அதனால்தான்.

புதுச் செல் போட்டும் திரையில் வெறும் கோடுகள் தெரிந்தால் உணரி செத்துவிட்டது என்று பொருளில்லை. பக்கத்து வீட்டுக் கருவியின் தகவலைத் தவறி வாங்கிவிடாதபடி ஒவ்வொரு உணரியும் தன் அடையாள எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறது. மலிவான மாடல்கள் பலவும் மின்சாரம் போய் வந்ததும் புதிதாக ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். திரையோ பழைய எண்ணுக்கே காத்திருக்கும். டேவிஸ் போன்ற சில தயாரிப்புகளில் 1 முதல் 8 வரை எண்ணை நாமே நிலையாக வைக்கலாம் என்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இரண்டையும் மறுபடி அறிமுகப்படுத்துவதே வைத்தியம். உணரியை இறக்கித் திரைக்கு ஐந்தாறு அடி தூரத்தில் வைத்து, இரண்டின் செல்களையும் கழற்றிவிட வேண்டும். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியச் சில நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டு உடனே போட்டால் பழைய நினைவு அழியாது. பிறகு பெரும்பாலான மாடல்களில் உணரிக்கு முதலில், திரைக்கு அடுத்து. சிலவற்றில் வரிசை தலைகீழ். கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. அதன்பின் கால் மணி நேரமாவது எந்தப் பொத்தானையும் தொடாமல் இருப்பதுதான் கடினமான வேலை.

அப்படியும் வரவில்லையென்றால் செல்லைச் சந்தேகிக்கலாம். மறுமின்னேற்றச் செல் 1.2 வோல்ட், சாதாரணச் செல் 1.5 வோல்ட். இரண்டு போட்டால் 3 வோல்ட்டுக்குப் பதில் 2.4 தான் கிடைக்கும். பல உணரிகளுக்கு அது போதாது. கம்பிச்சுருளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பழைய அல்கலைன் செல் கசிந்திருக்கிறது. அது காரம். பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிட்டால் போகும். சூரியத் தகடு வைத்த மாடல் பகலில் பேசி இரவில் ஊமையானால், பழுது பெரும்பாலும் செல்லில்தான் என்று முடிவு கட்டலாம்: பகல் முழுக்கத் தகடே ஓட்டிவிடுகிறது.

மேசைமேல் பேசும் உணரி கம்பத்தில் ஏறியதும் மௌனமானால் தூரமோ தடுப்போ காரணம். பெட்டியில் எழுதியிருக்கும் 100 மீட்டர் வெட்டவெளிக்கானது. கான்கிரீட் சுவரும் தகர ஷீட்டும் அலையைத் தின்றுவிடும். புது உணரி வாங்கும் நிலை வந்தால் அலைவரிசையைப் பார்க்க வேண்டும்: 433 மெகாஹெர்ட்ஸ் திரைக்கு 868-ஓ 915-ஓ ஒத்துவராது.

கம்பத்திலிருந்து இறக்கி ஏற்றும்போது கிண்ணம் ஆடினால் அதுவும் மழையாகவே பதிவாகும். ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டர் பெய்தாலே இந்திய வானிலைத் துறைக் கணக்கில் அது மழை நாள். பத்துப் பதினைந்து ஆட்டம் அதை எட்டிவிடும். வேலை தொடங்குமுன் கிண்ணத்தின் அடியில் துண்டுத்தாள் செருகி, முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எறும்பும் சிலந்தி வலையும் இருந்தால் அப்போதே துடைத்துவிடலாம். கடைசியாக, உணரியின் வடக்குக் குறி வடக்கையே பார்க்கிறதா என்பது. ஆடி மாதத்தில் இதைச் சரிபார்க்கத் திசைகாட்டி வேண்டியதில்லை. மேல்காற்று வீசிக்கொண்டிருக்கும்போது திரை கிழக்கு என்று காட்டினால், உணரியைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.