கித்தாருக்கு லாக்கர் தெளித்தல்

கித்தாருக்கு லாக்கர் தெளித்தல் என்பது, கையால் செய்த கித்தாரின் மரத்தின்மீது ஸ்ப்ரே கன் கொண்டு மேற்பூச்சைப் பல மெல்லிய கோட்டுகளாக ஏற்றி, அது காய்ந்து இறுகிய பின் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கி மெருகேற்றும் வேலையாகும். வியர்வை, அழுக்கு, கீறல் ஆகியவற்றிலிருந்து மரத்தைக் காப்பதும், காற்றின் ஈரம் மரத்துக்குள் போய்வரும் வேகத்தைக் குறைப்பதும் இதன் நோக்கம். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய சென்னையின் தென்புறநகர்ப் பகுதிகளில் இந்த வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் மரமோ பூச்சோ அல்ல, காற்றிலுள்ள ஈரம்தான்.

எவ்வளவு தடிமன்

கித்தாரின் ஒலி பெரும்பாலும் அதன் மேற்பலகையின் அதிர்விலிருந்து பிறக்கிறது. அப்பலகையின் தடிமன் ஏறத்தாழ 2.5 முதல் 3 மி.மீ. வரைதான். அதன்மேல் பூச்சு கனமாக ஏறினால் அதிர்வு அடங்கி, ஒலி மங்கிப்போகும். எனவே தேய்த்து முடித்த பின் பூச்சு சுமார் 0.1 முதல் 0.15 மி.மீ. வரை நின்றால் போதும் என்பது கித்தார் செய்வோரிடையே உள்ள பொதுவான கணக்கு. அச்சுப்பொறியில் போடும் ஏ4 தாளின் தடிமனும் கிட்டத்தட்ட இவ்வளவே. மேசைக்கும் கதவுக்கும் பூசிப் பழகிய கை, கித்தாருக்கு வரும்போது தாராளமாகப் பூசிவிடுவது இயல்பு.

எந்தப் பூச்சு

நைட்ரோசெல்லுலோசு லாக்கர் (கடைகளில் என்.சி. லாக்கர்) கித்தார்களில் நீண்டகாலமாகப் பயன்படுவது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் 1920-களில் மோட்டார் கார்களுக்காக ‘டூகோ’ என்ற பெயரில் இவ்வகைப் பூச்சை விற்கத் தொடங்கியது. இசைக்கருவி செய்வோரும் விரைவில் இவ்வகைப் பூச்சுக்கு மாறினர். வண்டிப் பட்டறைகளில் இன்றும் ‘டூகோ அடிப்பது’ என்று சொல்வது அப்பெயரின் மிச்சம். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் வினைப்படுத்திச் செய்யும் இதே பொருள், நைட்ரசன் அளவு கூடும்போது வெடிமருந்தாகிறது. நீலகிரியின் அருவங்காட்டுத் தொழிற்சாலையில் வெடிமருந்துக்காக இது தயாராகிறது.

புதிதாகத் தெளிக்கும் கோட்டு, அடியில் உள்ள பழைய கோட்டைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும் என்பதே இந்த லாக்கரின் பெரிய வசதி. பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன் அப்படிக் கரையாது. தேய்க்கும்போது ஒரு கோட்டு ஓட்டையானால் அதன் விளிம்பு நிலப்பட வரைகோடு போலத் தெரியும்.

ஈட்டி மரத்தின் சிக்கல்

அடிப்பலகைக்கும் பக்கப்பலகைகளுக்கும் உலகெங்கும் விரும்பப்படும் ஈட்டி (தோதகத்தி) மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம். எண்ணெய்ப்பசையும் திறந்த நுண்துளைகளும் உடையது. லாக்கரில் கலக்கும் தின்னர் அதன் ஊதா நிறத்தைக் கரைத்து, பக்கத்திலுள்ள வெளிர்நிற மேற்பலகையிலும் விளிம்புப் பட்டையிலும் பரப்பிவிடும். இதைத் தடுக்க முதலில் அவலரக்கைச் சாராயத்தில் கரைத்து மெல்லியதாகப் பூசி மரத்தை அடைக்கிறார்கள். பிறகு நுண்துளைகளுக்குப் பட்டி பார்த்து, 220-ஆம் எண் தாளால் தேய்த்த பின்னரே லாக்கர்.

வெளிறல்

தெளித்த சில நிமிடங்களில் பூச்சு பால் கலந்ததுபோல் வெளுப்பதே வெளிறல். தின்னர் ஆவியாகும்போது மரப்பரப்பைக் குளிர்விக்கிறது. அந்தக் குளிர் காற்றின் பனிநிலைக்குக் கீழே போனால், காற்றிலுள்ள நீர் ஈரப்பூச்சின்மேல் படிந்து உள்ளே சிக்கிக்கொள்ளும்.

இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். மே மாத நண்பகலில் வெப்பம் 38 பாகை, ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால் பனிநிலை சுமார் 22 பாகை. வெளிற, பரப்பு 16 பாகை குளிர வேண்டும். நவம்பர் மாலையில் 28 பாகையும் 80 விழுக்காடும் இருந்தால் பனிநிலை 24 பாகைக்குச் சற்று மேலே. நான்கு பாகை குளிர்ந்தாலே போதும், பூச்சு வெளுத்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே திறந்தவெளியில் தெளிப்பது சூதாட்டம்தான். 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டிய ஊர் தாம்பரம்.

மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டரை (பியூட்டைல் செல்லோசால்வ் போன்றது) தின்னருடன் சிறிது சேர்ப்பது வழக்கமான மருந்து. வெளுத்துப்போன பூச்சின்மீதும் இதை மெல்லத் தெளித்தால், பூச்சு மறுபடி இளகி நீர் வெளியேறிவிடும். அதிகம் சேர்த்தால் பூச்சு வாரக்கணக்கில் இறுகாது. மே மாதத்தில் சிக்கல் நேரெதிரானது: துளிகள் மரத்தை அடையுமுன்பே பாதி காய்ந்து, ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பாகின்றன.

கம்ப்ரஸரையும் மறக்கக்கூடாது. ஈரக்காற்றை அழுத்தினால் தொட்டியில் நீர் சேரும். தினமும் அடித்திருகைத் திறந்து வடிக்காவிட்டால் அந்த நீர் ஸ்ப்ரே கன் வழியே கித்தாரின்மேல் துளித்துளியாக விழும்.

தேய்த்தல்

ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று கோட்டுகள், இடையே ஓரிரு மணி நேரம் என்று மொத்தம் எட்டு முதல் பன்னிரண்டு கோட்டுகள் ஏற்றுவதுண்டு. நடுவில் ஒருமுறை 320-ஆம் எண் தாளால் மேடு தட்டுவார்கள். பிறகு காத்திருப்பு. கையால் தொட்டால் ஒட்டாத பூச்சும் உள்ளே இளகியே இருக்கும். தின்னர் முழுவதும் வெளியேற இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அவசரப்பட்டுத் தேய்த்துப் பளபளக்க வைத்தால், பின்னர் பூச்சு சுருங்கி மர ரேகைகள் மேலே தெரியத் தொடங்கும்.

இறுகிய பின் வாட்டர் பேப்பரை 800, 1000, 1500, 2000 என்ற வரிசையில், சோப்புத் தண்ணீர் தொட்டு, தட்டையான கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். பள்ளங்கள் பளபளப்பான புள்ளிகளாகத் தெரியும். அவை மறையும்வரை தேய்ப்பது, மறைந்ததும் நிறுத்துவது. விளிம்புகளில்தான் பூச்சு மிக மெல்லிதாக நிற்கும், அழுத்தமும் அங்கேதான் கூடும். எனவே பலர் விளிம்பைக் கட்டையில்லாமல் விரலால், கடைசியில் மட்டும் தொடுகிறார்கள். பிரிட்ஜ் ஒட்டும் இடத்தில் பூச்சே இருக்கலாகாது. பசை மரத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

உடல்நலமும் தீயும்

தின்னரில் பெரும்பாலும் டொலுயீன் உண்டு. முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி முகமூடியும் ஆவியைத் தடுக்காது. கரிவடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். பி.யூ.வின் கெட்டியாக்கியிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிறிதளவும் ஆகாது. வீட்டு மாடியிலோ பின்கட்டிலோ தெளிப்பவர்கள், பொறி பறக்கக்கூடிய சாதாரண வெளியேற்று மின்விசிறியை ஆவியின் பாதையில் வைப்பதில்லை. சுவரிலும் தரையிலும் படியும் காய்ந்த லாக்கர் தூள் எளிதில் தீப்பற்றும். அதைக் கூட்டியள்ளி, தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகர வாளியில் போட்டு, அன்றன்றே வெளியேற்றிவிடுகிறார்கள்.